ஏரியிலிருந்து எடுத்த போர் விமானம்: இருந்தபடியே பேணுவதா, புதிதாக்குவதா?

இரண்டாம் உலகப் போரில் விழுந்து, ஏரியிலோ கடலிலோ பாலை மணலிலோ பல பத்தாண்டுகள் கிடந்த ஒரு விமானத்தை வெளியே எடுத்துவிட்ட பிறகு அதை என்ன செய்வது என்ற கேள்வி அருங்காட்சியகத்தாரோடு நின்றுவிடுவதில்லை. அதில் பறந்தவர்களின் குடும்பத்தார், நன்கொடை தந்தவர்கள், அது விழுந்த ஊரின் மக்கள் என்று பலரும் அந்தத் தீர்மானத்தில் பங்கு கேட்கிறார்கள். வாசகர்கள் என்னிடம் எழுப்பும் கேள்விகளும் இரண்டு முனைகளில் நிற்கின்றன. இவ்வளவு பாடுபட்டு வெளியே எடுத்த விமானத்தை நசுங்கிய நிலையிலேயே ஏன் வைத்திருக்கிறார்கள் என்று சிலர் கேட்கிறார்கள். புதுத் தகடு அடித்துப் புது வண்ணம் பூசிய பிறகு அதை அதே விமானம் என்று எப்படிச் சொல்ல முடியும் என்று வேறு சிலர் கேட்கிறார்கள்.

இரண்டு கேள்விகளுக்கும் ஒரே விமான வகையை வைத்து விடை தேட முடியும் என்பது இந்தத் துறையில் கிடைத்த நல்வாய்ப்பு. பிரிட்டனின் ஹேண்ட்லி பேஜ் நிறுவனம் வடிவமைத்த ஹாலிஃபாக்ஸ் என்னும் நான்கு எஞ்சின் குண்டுவீச்சு விமானம் மொத்தம் 6,176 கட்டப்பட்டது. போர் முடிந்ததும் எஞ்சியவை பழைய உலோகமாக உடைத்து விற்கப்பட்டன. ஒன்றைக்கூட யாரும் முழுதாக எடுத்து வைக்கவில்லை. இன்று முழு வடிவில் காணக் கிடைக்கும் மூன்று ஹாலிஃபாக்ஸ்களும் பின்னாளில் மீட்கப்பட்டவையே. மூன்றுக்கும் மூன்று விதமான தீர்மானம் எடுக்கப்பட்டது. நான்காவது ஒன்றுக்கு வேறொரு முடிவு நேர்ந்தது. இவற்றை முன்வைத்தே பேசுகிறேன். தேவையான இடத்தில் பிற விமானங்களுக்கும் போகிறேன்.

## எதை வைத்து அளப்பது

முதலில் பார்க்க வேண்டியது, அந்தச் சிதைவில் மட்டுமே இருக்கும் சான்று எது என்பது. தொழிற்சாலையில் பூசிய மூல வண்ணம், களத்தில் அவசரமாக ஒட்டிய ஒட்டுத் தகடு, குண்டு துளைத்த ஓட்டை, பணிமனைக்காரர் பென்சிலால் எழுதிய குறி, தரையில் மோதியபோது தகடு மடங்கிய விதம் ஆகிய எதையும் வரைபடத்திலிருந்து மறுபடி உண்டாக்க முடியாது. எஞ்சினையும் சக்கரத்தையும் வேறு எங்கிருந்தாவது தேடிக் கொண்டுவந்துவிடலாம்.

இரண்டாவது, அது எங்கே கிடந்தது என்பது. பெரும்பாலான தீர்மானங்களை உண்மையில் இதுவே எடுத்துவிடுகிறது என்பதால் இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். போர்க்கால விமானத்தின் தோல் டியூராலுமின் என்னும் கலப்பு உலோகத்தால் ஆனது. அலுமினியத்தோடு ஏறத்தாழ 4 சதவீதம் செம்பு சேர்ந்தது. தூய அலுமினியத்தின் மேல் தானாகப் படரும் மெல்லிய ஆக்சைடு படலம் அதைக் காக்கிறது. கடல்நீரில் உள்ள குளோரைடு அந்தப் படலத்தைத் துளைத்து உள்ளே போகிறது. செம்பும் அலுமினியமும் அருகருகே இருப்பதால் உலோகத்துக்குள்ளேயே நுண்ணிய மின்கலங்கள் உருவாகி, அரிப்பு உலோகத் துகள்களின் எல்லைகள் வழியாகப் பரவுகிறது. வெளியே முழுதாகத் தெரியும் தகடு, தொட்டால் பழம்புத்தகத்தின் தாள்களைப் போல அடுக்கடுக்காக உரிந்து வருவது இதனால்தான். எஃகுத் திருகாணி அலுமினியத்தைத் தொடும் இடங்களில் சேதம் இன்னும் வேகமாக நடக்கும். மக்னீசியப் பாகங்கள் கடலில் அநேகமாகக் கரைந்தே போய்விடும். குளிர்ந்த, ஆழமான, நன்னீர் ஏரியில் இந்த வினைகள் மிகவும் மெதுவாக நடக்கின்றன. வறண்ட பாலையில் இன்னும் மெதுவாக நடக்கின்றன. ஆனால் அங்கே மனிதக் கை எளிதில் எட்டிவிடுகிறது. பனிப்பாறைக்குள் அரிப்பு குறைவு என்றாலும், நகரும் பனியின் எடை விமானத்தை நசுக்கிவிடுகிறது.

மூன்றாவது, அந்த வகையில் வேறு எத்தனை விமானங்கள் எஞ்சியிருக்கின்றன, அவை எந்த நிலையில் வைக்கப்பட்டிருக்கின்றன என்பது. நான்காவது, அதில் இறந்தவர்களும் சட்டமும். ஐந்தாவது பணம், ஆட்கள், இடம், ஆண்டுகள். ஆறாவது, எடுத்த முடிவை நாளை மாற்றிக்கொள்ள முடியுமா என்பது. பேணப்பட்ட சிதைவை அடுத்த தலைமுறை விரும்பினால் புனரமைத்துக்கொள்ளலாம்; புனரமைத்த விமானத்திலிருந்து பழைய சிதைவைத் திரும்ப எடுக்க வழியே இல்லை. மற்ற ஐந்தும் சமமாக நிற்கும்போது எனக்குத் தராசைச் சாய்ப்பது இந்த ஆறாவது அளவுகோல்தான்.

## முதல் வழி: இருந்தபடியே பேணுதல்

1942 ஏப்ரல் 27 இரவு, நார்வேயின் ட்ரான்ட்ஹைம் அருகே ஒரு கடற்கழியில் ஒதுங்கியிருந்த ஜெர்மனியின் டிர்பிட்ஸ் போர்க்கப்பலைத் தாக்கச் சென்ற ஹாலிஃபாக்ஸ்களில் ஒன்று டபிள்யூ 1048 என்ற வரிசை எண் கொண்டது. பீரங்கி அடிபட்டுத் தீப்பிடித்த விமானத்தை விமானி டான் மெக்கின்டயர் உறைந்திருந்த ஹோக்லிங்கன் ஏரியின் மேல் வயிற்றால் இறக்கினார். விமானத்தில் இருந்த அனைவரும் உயிர் தப்பினர். கணுக்கால் முறிந்த ஒருவர் சிறைப்பட, மற்றவர்கள் சுவீடனுக்குள் போய்ச் சேர்ந்தனர். விமானம் பனி உடைந்து ஏரிக்குள் மூழ்கி, 1973-இல் சுமார் 27 மீட்டர் ஆழத்திலிருந்து எடுக்கப்பட்டது. ராயல் விமானப்படை அருங்காட்சியகம் அதை லண்டனின் ஹென்டனில், ஏரியிலிருந்து வந்த கோலத்திலேயே காட்சிக்கு வைத்தது.

அதன் முன்னால் நிற்பவர் காண்பது கிழிந்த தோல், தோலுக்கு உள்ளே வரிசையாகத் தெரியும் சட்டங்கள், மங்கிய வண்ணம். எந்த இடத்தில் தீ தின்றது, எந்த இடம் ஏரிப் பனியில் மோதியது என்பதை ஒருவர் விரலால் சுட்டிக் காட்ட முடிகிறது. உலோகம் தானே தன் கதையைச் சொல்வது இந்த வழியில் மட்டும்தான் நடக்கும்.

ஆனால் பேணுதல் என்றால் ஒன்றும் செய்யாமல் விட்டுவிடுவது என்று எண்ணிக்கொள்வது பெரிய பிழை. கடலிலிருந்து வந்த விமானத்தைப் பேணுவது எவ்வளவு பெரிய வேலை என்பதற்கு டோர்னியர் 17 நல்ல சான்று. 1940 ஆகஸ்ட் 26 அன்று சுட்டு வீழ்த்தப்பட்ட இந்த ஜெர்மானியக் குண்டுவீச்சு விமானம் இங்கிலாந்தின் கென்ட் கரைக்கு அப்பால் குட்வின் மணல்திட்டில், ஏறத்தாழ 15 மீட்டர் ஆழத்தில் தலைகீழாகக் கிடந்தது. அந்த வகையில் முழு உருவோடு எஞ்சியதாக அறியப்பட்டது அது ஒன்றுதான். சுற்றிலும் சட்டகம் கட்டித் தூக்குவதாக இருந்த திட்டம், மோசமான வானிலையால் நாள்கள் கடந்துபோனதும் கைவிடப்பட்டு, உறுதியான பகுதிகளில் கயிறு கட்டி 2013 ஜூன் 10 அன்று மேலே தூக்கப்பட்டது. தூக்கியது தொடக்கம் மட்டுமே. கடலடியில் உலோகத்துக்குள் ஊறிய குளோரைடு, காற்றுப் பட்டவுடன் அரிப்பைப் பல மடங்கு முடுக்கிவிடும் என்பதால் விமானம் உலரவே கூடாது. காஸ்ஃபோர்டில் உள்ள ராயல் விமானப்படை அருங்காட்சியகக் கிளையில் நெகிழித் தாளால் மூடிய நீண்ட கூடாரங்களை அமைத்து, அவற்றுக்குள் விமானத்தின் பகுதிகளை வைத்து, லண்டன் இம்பீரியல் கல்லூரியின் அறிவியலாளர்களோடு சேர்ந்து வகுத்த முறைப்படி, அமிலத்தன்மையைக் கட்டுக்குள் வைத்த மென்மையான சிட்ரிக் அமிலக் கரைசலைத் தொடர்ந்து தெளித்தார்கள். கடற்சிப்பியும் சுண்ணப் படிவும் இளகியதும் ஆட்கள் கையால் அவற்றை நீக்கினார்கள். இந்த நனைப்பு வேலை மட்டும் ஓராண்டுக்கும் மேல் நடந்தது. இத்தனையும் விமானத்தை அழகாக்குவதற்காக நடந்தவை அல்ல; இருக்கும் நிலையிலேயே நிற்க வைப்பதற்காக மட்டும் நடந்தவை.

இந்த வழியின் மறைமுகச் செலவு முடிவில்லாதது. ஈரப்பதம் குறைந்த, வெப்பநிலை சீரான கூடம் என்றென்றும் வேண்டும். ஹாலிஃபாக்ஸின் இறக்கை விரிவு 30 மீட்டர். அந்த அளவுக்கு ஒரு கூடத்தை உலர்வாக வைத்திருக்க ஆண்டுதோறும் மின்கட்டணம் கட்ட வேண்டும். தன் எடையைத் தானே தாங்க முடியாத உடற்பகுதிக்கு இடத்துக்கு இடம் அளந்து செய்த தாங்கிகள் வேண்டும். இருட்டில் ஒளிரும் ரேடியம் பூசிய பழைய கருவி முகப்புகள் இன்றும் கதிர்வீச்சை வெளியிடுபவை. அவற்றுக்குத் தனிப் பாதுகாப்பு வேண்டும். வெடிமருந்து ஏதும் தங்கியிருக்கிறதா என்று முதலிலேயே வல்லுநர் பார்த்தாக வேண்டும். இன்னொரு செலவு பணத்தில் வராது: நசுங்கிய உலோகத்தைப் பார்த்து ஏமாற்றத்தோடு திரும்பும் பார்வையாளருக்கு, அது ஏன் அப்படி இருக்கிறது என்பதை நல்ல விளக்கப் பலகையாலும் வழிகாட்டியாலும் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். அந்த விளக்கம் இல்லாத இடத்தில் பேணிய சிதைவு வெறும் உலோகக் குவியலாகவே பலர் கண்ணுக்குப் படுகிறது.

## இரண்டாம் வழி: காட்சிக்காகப் புனரமைத்தல்

1945 ஏப்ரல் 23-க்கும் 24-க்கும் இடைப்பட்ட இரவில், நார்வேயின் எதிர்ப்புப் படையினருக்குப் பொருள்களைப் போடச் சென்ற ஹாலிஃபாக்ஸ் என்ஏ 337 சுடப்பட்டு மியோசா ஏரியில் இறங்கியது. நார்வேயில் போர் முடிய இரண்டு வாரமே இருந்தது. ஆறு பேரில் தாமஸ் வெயிட்மேன் ஒருவர் மட்டுமே பிழைத்தார். மற்றவர்களைக் குளிர்நீர் கொண்டுபோயிற்று. 1995-இல் சுமார் 230 மீட்டர் ஆழத்திலிருந்து அதை வெளியே எடுத்துக் கனடாவுக்குக் கொண்டுசென்றார்கள். ஒன்டாரியோ மாகாணத்தின் ட்ரென்டனில் தன்னார்வலர்கள் பத்து ஆண்டுகள் உழைத்து, 2005-இல் முழு விமானமாக நிறுத்தினார்கள். அது பறக்காது, ஆனால் போர்க்காலத்தில் ஓடுதளத்தில் நின்ற ஹாலிஃபாக்ஸ் எப்படித் தோன்றியிருக்கும் என்பதை இன்று கண்ணால் காண உலகில் அதைவிட நல்ல இடம் இல்லை.

கனடா நாட்டவர் பல்லாயிரம் பேர் ஹாலிஃபாக்ஸில் பறந்தவர்கள். புனரமைப்பு நடந்த ஆண்டுகளில் அவர்களில் பலர் உயிரோடு இருந்தார்கள். தாம் பறந்த விமானத்தின் முழு உருவத்தை மறுபடி ஒரு முறை அருகில் நின்று பார்க்க வேண்டும் என்ற அவர்களுடைய விருப்பத்தை, பேணல் முறையின் கோட்பாடுகளை மட்டும் காட்டி மறுப்பது நியாயமாக எனக்குப் படவில்லை. அதோடு, ஹென்டனில் ஒரு ஹாலிஃபாக்ஸ் தொடப்படாமல் இருந்ததால்தான் ட்ரென்டனில் இன்னொன்றைத் தயக்கமின்றித் தொட முடிந்தது. தகட்டின் உண்மை ஓரிடத்தில் காக்கப்பட்டிருந்தது. உருவத்தின் உண்மையை இன்னோரிடத்தில் எழுப்பினார்கள். இந்த இரண்டு முடிவுகளையும் தனித்தனியாகப் பார்த்து எது சரி என்று வாதாடுவதை விட, ஒன்று இருப்பதால்தான் மற்றது சரியாகிறது என்று பார்ப்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

இந்த வழியின் மறைமுகச் செலவுகளில் முதலாவது, வேறு சிதைவுகளை அது தின்கிறது என்பது. ஒரு விமானத்தில் இல்லாத பாகத்துக்கு இன்னொன்றைத் தேட வேண்டும். பெல்ஜியத்தின் ஹெரார்ட்ஸ்பெர்கன் அருகே 1944 மே மாதம் விழுந்து சேற்றில் புதைந்த ஹாலிஃபாக்ஸ் எல்டபிள்யூ 682 1997-இல் தோண்டப்பட்டது. அதற்குள் இருந்த மூன்று விமானப்படையினரின் எச்சங்கள் மரியாதையோடு அடக்கம் செய்யப்பட்டன. விமானத்தின் பயன்படும் பாகங்கள் ட்ரென்டனின் என்ஏ 337-க்குப் போயின. மிச்ச அலுமினியம் உருக்கப்பட்டு, 2012-இல் லண்டன் கிரீன் பார்க்கில் திறக்கப்பட்ட குண்டுவீச்சுப் படை நினைவகத்தின் கூரையாயிற்று. உருத்தெரியாமல் நொறுங்கிய உலோகத்துக்கு இதைவிடத் தகுந்த முடிவு கிடைத்திருக்காது என்றே நினைக்கிறேன். ஆனாலும் ஒரு புனரமைப்பின் கணக்கில் இன்னொரு சிதைவும் சேர்ந்தே எழுதப்படுகிறது என்பதை முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும்.

இரண்டாவது செலவு காலம். பத்து ஆண்டுகள் என்பது தன்னார்வலர் தொடர்ந்து வந்தால் மட்டுமே. பாதியில் ஆள் குறைந்தாலோ நிதி நின்றாலோ, பிரித்துப் போட்ட விமானம் சிதைவாகவும் இல்லாமல் விமானமாகவும் இல்லாமல் கிடந்து போகும். பிரித்த பாகங்களுக்கு அடையாளச் சீட்டும் நிழற்படமும் இல்லாவிட்டால், எது எங்கே இருந்தது என்பதைப் பிறகு ஒருவராலும் சொல்ல முடியாது. மூன்றாவது, தகுதியற்ற கையில் சிக்கும் ஆபத்து. 1942 ஜூனில் காணாமல்போன டென்னிஸ் காப்பிங் என்னும் பிரிட்டிஷ் விமானியின் கிட்டிஹாக் போர் விமானம் 2012-இல் எகிப்தின் பாலையில், எழுபது ஆண்டு வெயிலும் மணலும் தேய்த்த மூலத் தோலோடு கிட்டத்தட்ட முழுதாகக் கிடைத்தது. எல் அலமெயின் அருங்காட்சியகத்துக்குப் போன அந்த விமானத்துக்குப் பின்னர் புது வண்ணம் பூசப்பட்டு, அது பறந்த படைப்பிரிவுக்குரியதல்லாத சுறா வாய் முகப்பில் வரையப்பட்டது. அதைப் பார்த்த விமான வரலாற்று ஆர்வலர்கள் பலர் வெளிப்படையாகக் கண்டித்தார்கள். எனக்கும் அது ஆறாத வருத்தம். எழுபது ஆண்டுகள் இயற்கை காத்து வைத்த தோல் சில நாள்களில் மறைந்துபோனது.

## இரண்டுக்கும் நடுவே

முழுப் புனரமைப்பு, முழுப் பேணல் என்ற இரண்டு மட்டுமே உண்டு என்று எண்ண வேண்டியதில்லை. அமெரிக்கக் கடற்படையின் டான்ட்லெஸ் வகைக் குண்டுவீச்சு விமானங்களில் 2106 என்ற எண் கொண்டது, பேர்ல் ஹார்பர் தாக்குதலையும் 1942 ஜூனில் நடந்த மிட்வே சண்டையையும் தாங்கி வந்த விமானம். மிட்வேயிலிருந்து திரும்பியபோது அதில் 219 ஓட்டைகள் இருந்ததாகப் பதிவாகியிருக்கிறது. பின்னர் பயிற்சிக்குப் பயன்பட்டு, 1943 ஜூன் 11 அன்று மிச்சிகன் ஏரியில் மூழ்கியது. 1990-களில் எடுக்கப்பட்டு ஃப்ளோரிடாவின் பென்சகோலாவில் உள்ள கடற்படை விமான அருங்காட்சியகத்தில் புனரமைக்கப்பட்டபோது, போர்க்காலத்தில் ஓட்டைகளை அடைக்க ரிவெட் அடித்துப் பொருத்திய ஒட்டுத் தகடுகளை நீக்காமல் தெரியும்படி விட்டார்கள். முழு விமானமும் கிடைத்தது, அதன் சாட்சியமும் பிழைத்தது. நன்னீர் ஏரி, நல்ல தோல், தெளிவான ஆவணங்கள் என்ற மூன்றும் சேர்ந்ததால் இது இயன்றது.

யார்க்‌ஷயரின் எல்விங்டனில் நிற்கும் ஹாலிஃபாக்ஸ் வேறு வகை. ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவில் ஒரு விவசாயி கோழிக் கூடாகப் பயன்படுத்திவந்த எச்ஆர் 792-இன் உடற்பகுதியோடு, போருக்குப் பிந்தைய ஹேஸ்டிங்ஸ் விமானத்தின் இறக்கைகளைச் சேர்த்து, இல்லாத பகுதிகளைப் புதிதாகக் கட்டி, 1996 செப்டம்பர் 13 வெள்ளிக்கிழமை வெளியே கொண்டுவந்தார்கள். இது கலவை என்பதை அருங்காட்சியகம் மறைக்கவில்லை. எஞ்சியது ஒரு துண்டு மட்டுமே என்றால் இப்படிச் செய்வதில் குற்றமில்லை. பார்ப்பவரிடம் உள்ளதைச் சொன்னால் போதும்.

## மூன்றாம் வழி: மறுபடி பறக்க வைத்தல்

கேட்கும்போதே மனத்தைத் தூக்கும் வழி இது. 1942 ஜூலையில் கிரீன்லாந்தின் பனிமேல் இறங்கி, 1992-இல் 82 மீட்டர் பனிக்கு அடியிலிருந்து வெந்நீரால் குழி உருக்கித் துண்டு துண்டாக எடுக்கப்பட்ட பி-38 என்னும் அமெரிக்கப் போர் விமானம், 'கிளேசியர் கேர்ல்' என்ற பெயரோடு 2002 அக்டோபரில் மீண்டும் பறந்தது. 1940 மே மாதம் பிரான்சின் காலே கடற்கரையில் இறங்கி மணலில் புதைந்து, 1980-இல் வெளிப்பட்ட ஸ்பிட்ஃபயர் என்னும் பிரிட்டிஷ் போர் விமானம் பி 9374, 2011-இல் பறந்தது. 2015-இல் லண்டன் ஏலத்தில் 31 லட்சம் பவுண்டுக்கு மேல் விலைபோய், அந்தத் தொகை அறப்பணிகளுக்குச் சென்றது.

ஆனால் இதன் கணக்கு வேறு. அரிப்பு கண்ட தகட்டையும் சோர்வு ஏறிய இறக்கைச் சட்டத்தையும் நம்பி யாரும் ஆளை ஏற்றிப் பறக்க மாட்டார்கள். பறக்கும் தகுதிச் சான்று வழங்கும் அதிகாரிகளும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். நாற்பது ஆண்டுகள் கடற்கரை மணலில் ஊறிய விமானத்தில் பறக்கத் தேறும் மூல உலோகம் மிகக் குறைவு. ஆகவே பறக்கும் நிலைக்குப் போகும் சிதைவு, அடையாளத் தகட்டையும் வரலாற்றையும் தந்து, உடலின் பெரும்பகுதியைப் புது உலோகத்துக்கு விட்டுக்கொடுக்கிறது. அப்படிப் பறப்பதில் எனக்கு எதிர்ப்பு இல்லை. ஸ்பிட்ஃபயரின் மெர்லின் எஞ்சின் எழுப்பும் ஓசையும் அந்த இறக்கை வானில் திரும்பும் அழகும் எந்தக் கூடத்திலும் கிடைக்காதவை. அந்த விமானம் போரில் பறந்த அதே உலோகம் என்று மட்டும் சொல்லக்கூடாது.

பறப்பதில் இழப்பும் உண்டு. 2022 நவம்பர் 12 அன்று அமெரிக்காவின் டல்லஸ் நகரில் நடந்த வான் சாகசக் காட்சியில் பி-17, பி-63 என்ற இரண்டு போர்க்கால விமானங்கள் மோதி ஆறு பேர் இறந்தார்கள். அவை சிதைவிலிருந்து மீண்டவை அல்ல என்றாலும், கேள்வி ஒன்றுதான்: உலகில் கடைசியாக எஞ்சியதை இந்த ஆபத்துக்கு உட்படுத்தலாமா? கூடாது என்பதே என் முடிவு. ஸ்பிட்ஃபயர் பலவும் எஞ்சியிருப்பதால் அதில் சிலவற்றைப் பறக்க விடலாம். டோர்னியர் 17-ஐப் பற்றி அப்படி நினைத்துக்கூடப் பார்க்க முடியாது.

எடுக்கும் முயற்சியே விமானத்தை அழித்துவிடுவதும் உண்டு. கிரீன்லாந்தில் 1947-இல் இறங்கிய 'கீ பேர்ட்' என்ற பி-29 விமானத்தைப் பனியிலேயே பழுது பார்த்துப் பறக்க வைத்து வெளியே கொண்டுவர முயன்றார்கள். 1995 மே மாதம் புறப்படுவதற்காகப் பனியில் ஊர்ந்து சென்றபோது தீப்பிடித்து, ஏறத்தாழ அரை நூற்றாண்டு முழுதாக நின்ற விமானம் எரிந்து போனது.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | இருந்தபடியே பேணல் | காட்சிக்குப் புனரமைப்பு | பறக்கும் நிலை |
|---|---|---|---|
| மூல உலோகமும் வண்ணமும் | எஞ்சியது எல்லாம் நிற்கும் | ஒரு பகுதி நிற்கும்; வண்ணம் பெரும்பாலும் போகும் | மிகச் சிறிதே நிற்கும் |
| தொடக்கச் செலவு | கடல் சிதைவுக்கு அதிகம். நன்னீர்ச் சிதைவுக்குக் குறைவு | அதிகம். தன்னார்வலர் இருந்தால் குறையும் | மிக அதிகம் |
| தொடர் செலவு | உலர் கூடம், கண்காணிப்பு, முடிவில்லை | மிதமானது | காப்பீடு, பராமரிப்பு, எரிபொருள், பறக்கும்வரை |
| பிற சிதைவுகளின் தேவை | இல்லை | பெரும்பாலும் உண்டு | உண்டு. புதுப் பாகமும் வேண்டும் |
| பார்ப்பவருக்குக் கிடைப்பது | நிகழ்வின் சாட்சியம் | முழு உருவம் | ஓசை, இயக்கம் |
| முடிவை மாற்ற முடியுமா | முடியும் | முடியாது | முடியாது |
| பெரிய ஆபத்து | மெதுவாகத் தொடரும் அரிப்பு | பாதியில் நிற்பது, தவறான கை | விபத்தில் முழு இழப்பு |

## இறந்தவர்களும் சட்டமும்

மேலே உள்ள கட்டங்களுக்குள் அடங்காதது இது. பல நேரங்களில் எல்லாவற்றையும் முந்திக்கொள்வதும் இதுவே. பிரிட்டனில் 1986-ஆம் ஆண்டின் ராணுவ எச்சங்கள் பாதுகாப்புச் சட்டம், நொறுங்கிய ராணுவ விமானம் ஒவ்வொன்றையும் காக்கிறது. உரிமம் இல்லாமல் ஒரு திருகாணியைக்கூட எடுக்கக்கூடாது, மனித எச்சம் இருக்கக்கூடிய இடத்துக்கு வழக்கமாக உரிமம் தருவதில்லை. அமெரிக்கக் கடற்படை விமானங்கள் எத்தனை ஆண்டுகள் நீரில் கிடந்தாலும் அந்நாட்டு அரசின் உடைமையே என்பதை 2004-ஆம் ஆண்டுச் சட்டம் உறுதி செய்தது. நெதர்லாந்து வேறு திசையில் போயிற்று: காணாமல்போன விமானப்படையினரின் எச்சங்கள் இருக்க வாய்ப்புள்ள சிதைவுகளை அரசுத் திட்டமாகவே தோண்டி எடுக்கிறது. மார்க்கர்மேர் ஏரியிலிருந்து 2020-இல் ஸ்டெர்லிங் என்னும் குண்டுவீச்சு விமானம் பிகே 716 இப்படி எடுக்கப்பட்டது. அங்கே முதல் நோக்கம் மனிதர்களுக்கு முறையான அடக்கம் செய்வது. விமானம் அதற்குப் பிறகுதான் வருகிறது. அந்த வரிசையே சரி.

விழுந்த நாட்டின் உரிமையும் உண்டு. 1942 பிப்ரவரியில் பப்புவா நியூ கினியின் சதுப்பில் இறங்கிய 'ஸ்வாம்ப் கோஸ்ட்' என்ற பி-17 விமானம் 2006-இல் எடுக்கப்பட்டும், அதை வெளிநாட்டுக்குக் கொண்டுபோகலாமா என்ற பூசலால் 2010 வரை அந்நாட்டின் லே துறைமுகத்திலேயே கிடந்தது. இப்போது ஹவாயின் பேர்ல் ஹார்பரில் இருக்கிறது. ஊரார் ஒப்புதலை முதலிலேயே பெறாதவர்கள், அதன் விலையைப் பின்னால் இப்படி ஆண்டுகளாகக் கொடுக்க வேண்டிவரும்.

## எந்த நிலையில் எது

அந்த வகையில் எஞ்சியது அது ஒன்றுதான் என்றாலோ, மூல வண்ணமும் போர்ச் சேதமும் தெளிவாக இருந்தாலோ, அதோடு உலர் கூடத்துக்கு நீண்ட காலம் பணம் தரக்கூடிய நிறுவனம் பொறுப்பேற்றால், பேணலையே தேர்ந்தெடுக்க வேண்டும். அந்த மூன்றாவது நிபந்தனை இல்லாத இடத்தில், கடலில் கிடந்த விமானத்தை எடுக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஓராண்டு நனைக்க வசதியில்லாதவர் கையில் அது சில ஆண்டுகளில் பொடியாகிவிடும்.

அதே வகையில் இன்னொன்று ஏற்கெனவே தொடப்படாமல் காக்கப்பட்டிருந்து, இந்தச் சிதைவின் மேற்பரப்பு பெரும்பாலும் போய்விட்டிருந்து, கைதேர்ந்த பணிமனையும் பல ஆண்டு உழைக்கத் தயாரான ஆட்களும் இருந்தால் புனரமைப்பே மேல். பழைய ஒட்டுத் தகடு, பழைய எழுத்து என்று எது கிடைத்தாலும் டான்ட்லெஸில் செய்தது போல அதைத் தெரியும்படி விட வேண்டும்.

பறக்க வைப்பது, அந்த வகை விமானங்கள் ஏராளமாக எஞ்சியிருந்து, இந்தச் சிதைவில் காக்கத்தக்க மூல உலோகம் அநேகமாக இல்லாதபோது மட்டுமே.

சிறிய அருங்காட்சியகங்களுக்கு நான்காவது ஒரு வழி இருக்கிறது. சீனாவுக்குப் பொருள் கொண்டுசெல்லும்போது இமயமலைப் பாதையில் விழுந்த நேசநாட்டு விமானங்களின் பாகங்களைக் கொண்டு அருணாசலப் பிரதேசத்தின் பாசிகாட்டில் 2023-இல் ஓர் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. மலைக் காட்டிலிருந்து முழு விமானத்தைக் கீழே கொண்டுவர முயலாமல், கிடைத்த பாகங்களைச் சுத்தம் செய்து, எங்கே கிடைத்தன என்ற குறிப்போடு வைப்பது செலவும் குறைவு, உண்மையும் குறையாதது. ஊர் அளவில் தொடங்க நினைப்பவர்கள் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

## முடிவு எட்டாதபோது எங்கே வைப்பது

பணமோ ஒப்புதலோ இன்னும் கைக்கு வராதபோது காத்திருக்கலாமா என்பது சிதைவு இருக்கும் இடத்தைப் பொறுத்தது. குளிர்ந்த நன்னீர் ஏரியின் அடியில் கிடப்பது பொதுவாகக் காத்திருக்கும். மிச்சிகன் ஏரியில் மட்டும் அண்மைக் காலத்தில் வெளியிலிருந்து வந்து பெருகிய சிப்பி இனங்கள் விமானங்களின் மேல் அடர்ந்து படர்வதால், அங்கே காத்திருப்பதற்கும் எல்லை வந்துவிட்டது. 1942 மார்ச் 3 அன்று ஜப்பானியத் தாக்குதலில் எரிந்த பறக்கும் படகுகள் (நீரில் இறங்கும் விமானங்கள்) மேற்கு ஆஸ்திரேலியாவின் புரூம் அருகே கடல் வற்றும்போது வெளிப்படும் சேற்றில் இன்றும் கிடக்கின்றன. அவை அங்கேயே சட்டக் காவலில் இருப்பதுதான் நல்லது. நீருக்கடி மரபுச் செல்வங்களை இருக்கும் இடத்திலேயே காப்பதை முதல் தேர்வாகக் கொள்ளும்படி யுனெஸ்கோவின் 2001 உடன்படிக்கை சொல்கிறது. ஆனால் நூறு ஆண்டுகள் நீரில் இருந்தவற்றுக்கே அது பொருந்துவதால், இரண்டாம் உலகப் போர் விமானங்கள் 2039 முதல்தான் ஒவ்வொன்றாக அதன் குடைக்குள் வரும். அதுவரை உள்நாட்டுச் சட்டமே காவல்.

பாலையில் கண்டுபிடித்ததைக் காத்திருக்க விடவே கூடாது. இடம் வெளியே தெரிந்த மறு வாரமே நினைவுப் பொருள் தேடுவோர் வந்துவிடுவார்கள். அங்கே முதல் வேலை காவல். அடுத்தது எதையும் அசைக்கும் முன் நாற்புறமும் நிழற்படம் எடுத்து, அளந்து, ஒவ்வொரு பாகமும் கிடந்த இடத்தைக் குறிப்பது. ஏற்கெனவே கடலிலிருந்து எடுத்துவிட்டவர்கள் முடிவு எடுக்கும்வரை அதை நன்னீர்த் தொட்டியில் நனைத்தபடியே வைத்து, நீரை அடிக்கடி மாற்றி, வெளிவரும் உப்பின் அளவைக் குறித்துக்கொண்டே வர வேண்டும்.